ஒரே மனைக்கு நாலு பேர் போட்டி: டோக்கனா, பதிவு அக்ரிமென்டா, விலையை ஏற்றுவதா, ஒரே பேமென்டா, ஏலமா?

ஓசூர்ப் பக்கம் நிலம் தேடுகிற எல்லோரும் இப்போது ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். இடம் பிடித்திருக்கிறது, விலையும் கஷ்டப்பட்டால் கட்டுப்படியாகும், ஆனால் தரகர் "இன்னும் மூணு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க, நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்கிறார். பெங்களூரு பக்கத்தில் இருப்பதாலும் தொழிற்சாலைகளாலும் இங்கே விலை ஏற்கெனவே ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள் வந்துபோகும் விமான நிலையம் ஓசூரில் வரும் என்று 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த பிறகு, பாகலூர், பேரிகை, சூளகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் விற்பவரின் திண்ணையில் நமக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த நிலையில் எப்படிக் கேட்டால் இடம் கிடைக்கும், கிடைக்காமல் போனால் பணம் முழுதாகத் திரும்பி வருமா என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்குபவனாக ஒரு முறை அடிபட்டிருக்கிறேன், விற்கும் வீட்டிலும் ஒரு முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விற்கும் வீட்டுக் கதை. சித்தப்பா சூளகிரிப் பக்கம் 40 சென்ட் விற்றபோது மூன்று பேர் கேட்டார்கள். முதலாமவர் சென்டுக்கு 3 லட்சத்து 25 ஆயிரம் தருகிறேன் என்றார், ஆனால் 6 மாதத் தவணை கேட்டார். இரண்டாமவர் 3 லட்சத்து 15 ஆயிரம், அதில் பாதியைக் கணக்கில் வராமல் கையில் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர் 3 லட்சம்தான் சொன்னார். அவர் வரும்போதே வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவேடு) எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துவந்திருந்தார். அதில் பழைய உட்பிரிவு எண் ஒன்று பொருந்தாமல் இருந்ததை அவரே காட்டிக் கேட்டார், சித்தப்பா உள்ளே போய் மூலப்பத்திரத்தை எடுத்துவந்து விளக்கினார். 30 நாளில் மொத்தப் பணமும் வங்கி வழியாக என்றார். எழுந்திருக்கும்போது, வயலில் நின்ற தக்காளியைப் பார்த்துவிட்டு, "காய் முடியட்டுங்கய்யா, அதுக்கப்புறம் வேலி போட்டுக்கறேன்" என்றார். 10 லட்சம் குறைவாக இருந்தும் சித்தப்பா அவருக்குத்தான் கொடுத்தார். தை மாதம் மகள் கல்யாணம். 6 மாதம் கழித்து வருகிற கூடுதல் 10 லட்சத்தை நம்பி மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது.

போட்டி என்றால் விலைப் போட்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விற்பவர் பார்ப்பது, இந்த ஆள் நிச்சயமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவாரா என்பதைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

கீழே வருகிற ஐந்து வழிகளை எடை போட நான் நாலு விஷயம் பார்ப்பேன். விற்பவருக்கு உண்மையில் என்ன தேவை: நாளா, தொகையா, வங்கியில் வரும் பணமா, தொந்தரவில்லாத பேச்சா? அடுத்து, காகிதம் முழுதாகப் பார்த்து முடிப்பதற்கு முன் என் கையை விட்டு எவ்வளவு போகிறது? மூன்றாவது, நாளைக்கு அவர் பேச்சு மாறினால் என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

நாலாவது மொத்தச் செலவு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில விலை) 2017-க்கு முந்தைய அளவுக்குக் கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சம் என்று கைகுலுக்கினால் 5 லட்சத்து 40 ஆயிரம் அரசுக்கு. அதன் மேல் தரகர் கமிஷன், வக்கீல் கட்டணம், சர்வேயர் செலவு. 10 லட்சத்துக்குள்ளான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, ஆனால் இந்த விலைகளில் அது பலருக்குப் பயன்படாது. விவசாய நிலம் அல்லாத சொத்து 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விலையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டவேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது. மறந்துவிட்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்கவேண்டிய வரி இன்னும் பல மடங்கு, ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

## எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டிய ஒரு நாள் வேலை

சூடான சந்தையில் காகிதம் பார்க்க நேரம் கிடைக்காது என்பார்கள். பாதி உண்மைதான். சர்வே எண் தெரிந்தால் பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் ஒரு மாலை நேரத்தில் கிடைத்துவிடும். அ-பதிவேட்டில் அரசு புறம்போக்கு, கோயில் நிலம், நிபந்தனைப் பட்டா என்று ஏதாவது குறிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பஞ்சமி நிலம் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடவே கூடாது, பட்டியல் சமூகத்து மக்களுக்கென்று கொடுக்கப்பட்ட நிலம் அது, மற்றவர் பெயரில் பதிந்தாலும் நிற்காது.

கணினியில் வராத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப் போட வேண்டும், அதற்குச் சில நாள் ஆகும். அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகலை மட்டும் காட்டி "அசல் பீரோவுல இருக்கு, சாவி தம்பிகிட்ட" என்றால் அது எங்கோ அடகில் இருக்கலாம், எல்லா அடமானமும் வில்லங்கத்தில் ஏறுவதில்லை.

இந்தப் பகுதியில் நான் அதிகமாகப் பார்க்கிற சிக்கல் அக்கா தங்கைகள் கையெழுத்து. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது என்பதற்காக மாலூரில் கட்டிக்கொடுத்த தங்கையின் பங்கு மறைந்துவிடாது. வாரிசுச் சான்றைக் கேளுங்கள், அதில் இருக்கிற ஒவ்வொருவரும் பத்திரத்தன்று வருவார்களா என்று கேளுங்கள். விற்பவர் சங்கடப்படுவார்தான், ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் படுகிற சங்கடத்தைவிட இது சின்னது.

நிலம் எடுப்பு அறிவிப்பு இருக்கிறதா என்றும் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். விமான நிலையம் பக்கத்தில் வரும் என்று வாங்கிய இடம் விமான நிலையத்துக்கு உள்ளேயே போய்விடக் கூடும்.

## வழி 1: உடனே டோக்கன் போடுவது

வேகமான வழி இது. 25 ஆயிரமோ 1 லட்சமோ கொடுத்து, ஒரு தாளில் எழுதி வாங்கி, "வேற யார்கிட்டயும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவது. இரண்டு மூன்று நாள் அவகாசம் வாங்கித் தரும், அதற்கு மேல் இதற்குப் பலம் கிடையாது.

நான் அடிபட்டது இதில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இடத்தைப் பார்த்தோம், தரகர் அவசரப்படுத்தினார், விற்பவரின் மூத்த மகன் கையில் 50 ஆயிரம் ரொக்கமாகக் கொடுத்தேன். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் "நிலத்துக்கு முன்பணம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரி, கீழே கையெழுத்து. சர்வே எண் இல்லை, விலை இல்லை, எத்தனை நாள் என்று இல்லை, நிலம் அப்பா பெயரில் இருக்க மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புதன்கிழமை பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் கூடுதலாகக் கேட்டார், இடம் கைமாறிவிட்டது. என் 50 ஆயிரம் நாலு மாதம் கழித்து மூன்று தவணையாக வந்தது. வந்ததே பெரிய விஷயம் என்று வீட்டில் சொன்னார்கள், எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை.

டோக்கன் போடுவதாக இருந்தால் இதையெல்லாம் எழுதுங்கள்: சர்வே எண், அளவு, மொத்த விலை, அக்ரிமென்ட் எந்தத் தேதிக்குள், காகிதத்தில் குறை வந்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும், நீங்கள் பின்வாங்கினால் எவ்வளவு பிடிப்பார்கள். கையெழுத்து நில உரிமையாளருடையதாக இருக்க வேண்டும், பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். நிலம் விற்க முன்பணமாக 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015-லிருந்தே தடுக்கிறது, அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், வாங்கியவர் மேல் விழும். இதை விற்பவரிடம் பதமாகச் சொன்னாலே பலர் வங்கி வழிக்கு ஒத்துக்கொள்வார்கள்.

இழந்தால் தூக்கம் கெடாத தொகைதான் டோக்கன். வெளியூரிலிருந்து வந்து அன்றே திரும்ப வேண்டியவர்களுக்கு, அதுவும் முந்தைய நாளே இணையத்தில் காகிதம் பார்த்து வந்திருந்தால், இது சரி.

## வழி 2: பதிவு செய்த கிரய ஒப்பந்தம் (அக்ரிமென்ட்), குறுகிய கெடு

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 10 முதல் 20 சதவீதம் அட்வான்ஸ், 30 முதல் 45 நாள் கெடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு.

தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பதியாத ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது, அதனால் பதியாதது முழுக்க வீண் என்று அர்த்தமில்லை. ஆனால் போட்டி இருக்கிற இடத்தில் பதிவின் பலம் வேறு. பதிந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறிவிடும். கூடுதல் விலையோடு வருகிற அடுத்த ஆள் முதலில் பார்ப்பது உங்கள் பெயரைத்தான். அதற்குப் பிறகு வாங்கினால் தெரியாமல் வாங்கினேன் என்று அவர் சொல்ல முடியாது, பெரும்பாலும் அவருடைய வக்கீலே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

சட்டமும் கொஞ்சம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லும் உத்தரவு நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது என்ற பழைய நிலை போய்விட்டது. ஆனால் வாங்குபவர் பணத்தோடு தயாராக இருந்ததைக் காட்டியே ஆக வேண்டும். கெடு முடிவதற்குள் மீதிப் பணம் உங்கள் கணக்கில் இருந்ததற்கு வங்கிக் கணக்கு விவரம், "பத்திரத்துக்கு வாருங்கள்" என்று வக்கீல் அனுப்பிய நோட்டீஸ், இரண்டும் கையில் இருக்கட்டும். வழக்குப் போட 3 வருடம் அவகாசம் இருக்கிறது என்று தூங்கிவிட வேண்டாம்.

சரி, விற்பவர் ஏன் பதியத் தயங்குகிறார்? இதைப் புரிந்துகொண்டால்தான் அவரைச் சம்மதிக்க வைக்க முடியும். இந்தப் பக்கம் ஒப்பந்தம் போட்டுவிட்டு, 6 மாதக் கெடுவுக்குள் அதே இடத்தை வேறொருவருக்கு ஏற்றி விற்கிற ஆட்கள் நிறைய. விற்பவர் நிலத்தையும் விட்டுவிட்டு, கண்ணெதிரே வேறொருவர் லாபம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கெடு தாண்டினாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய இரண்டு பேரும் போக வேண்டியிருக்கும், வாங்கியவர் வரமாட்டார். அந்தப் பயம் நியாயமானது. அதனால் கெடுவை நீங்களே குறைத்துச் சொல்லுங்கள், கிரயம் என் பெயரிலோ என் மனைவி பெயரிலோ மட்டும்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டு வரி, சென்டுக்கு 5 ஆயிரம் ஏற்றுவதைவிட நன்றாக வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு: ஒப்பந்தப் பதிவுக்கு அட்வான்ஸ் தொகையின் மேல் ஒரு கட்டணம், பத்திர எழுத்தர் கூலி, வக்கீல். இன்னொன்று, விலையை "அளந்து வருகிற சென்டுக்கு" என்று எழுதாமல் மொத்தமாக எழுதிவிட்டால், சர்வேயர் சங்கிலி பிடித்த பிறகு 40 சென்ட் 38 ஆகும், அந்த 2 சென்ட் உங்கள் நஷ்டம்.

## வழி 3: விலையை ஏற்றிக் கேட்பது

மற்றவரைவிடக் கூடுதலாகச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். கடன் எடுத்து வாங்குபவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கி மதிப்பீட்டாளர் நீங்கள் சண்டை போட்டு ஏற்றிய விலையைப் பார்க்க மாட்டார், அக்கம்பக்கத்தில் பதிவான விலைகளைப் பார்ப்பார். 60 லட்சத்து இடத்தை 63-க்கு ஏற்றினால் அந்த 3 லட்சம் முழுதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். பத்திரச் செலவுக்கும் பொதுவாக வங்கி கடன் தராது, அதுவும் கையிலிருந்துதான். கடைசியில் நகையை அடகு வைத்து அந்த இடைவெளியை அடைக்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத மனை, விவசாய நிலம் என்றால் மனைக் கடனே கிடைக்காது, கடனை நம்பி டோக்கன் போட்டவர் தவித்துப் போவார்.

விலை ஏறும்போது இன்னொரு பேச்சும் கூடவே வரும்: "பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு போட்டுக்கலாம், மீதிய கையில குடுங்க." ஒத்துக்கொண்டால் அந்த இடமே உங்களுக்குக் கிடைத்துவிடலாம். ஆனால் கையில் கொடுத்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஒப்பந்தம் முறிந்தால் அதைக் கேட்கவே முடியாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது பத்திரத்தில் இருக்கிற குறைந்த விலைதான் உங்கள் அடக்க விலை, மீதியெல்லாம் லாபமாகக் கணக்கிடப்பட்டு வரி வரும். அரசு அந்த நிலத்தை எடுத்தால் இழப்பீடு வழிகாட்டி மதிப்பையும் பதிவான விலைகளையும் வைத்துத்தான். விமான நிலையம் பேசப்படுகிற ஒரு பகுதியில் பாதி விலையைக் கணக்கில் காட்டாமல் கொடுப்பது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

"இன்னொரு பார்ட்டி ரெடி" என்பது உண்மையா என்றும் பாருங்கள். தரகர் இல்லாமல் ஒரு முறை நிலத்துக்காரர் வீட்டுக்குப் போங்கள். பக்கத்து வயல்காரரிடம் யார் யார் வந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். மறுபடி ஒரு தடவை வில்லங்கம் எடுங்கள், உண்மையில் யாராவது ஒப்பந்தம் பதிந்திருந்தால் அதில் இருக்கும்.

ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே முறை ஏற்றுங்கள். வீட்டில் உட்கார்ந்து பேசி, இதற்கு மேல் இல்லை என்று ஒரு தொகையை முடிவு செய்து, "இதுதான் என் கடைசி விலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்" என்று நேரில் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 25 ஆயிரம் 25 ஆயிரமாகப் போனில் ஏற்றுகிறவரிடம் இன்னும் இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரிந்துவிடும்.

விலைக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடியவை நிறைய உண்டு. நிற்கிற ராகியை அவரே அறுத்துக்கொள்ளட்டும். ஓட்டு வீட்டில் இன்னும் மூன்று மாதம் இருந்துகொள்ளட்டும். உட்பிரிவு, பட்டா மாறுதல் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். யாருக்கும் வேண்டாத ஓரத்துத் துண்டு நிலம் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லலாம், அந்தத் துண்டு அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கும்.

ஏற்றிக் கேட்பது யாருக்குப் பொருந்தும்? உங்கள் வீட்டை ஒட்டிய மனை, உங்கள் வயலுக்குப் பாதை கொடுக்கிற துண்டு, இப்படி இன்னொரு முறை கிடைக்கவே கிடைக்காத இடத்துக்கு.

## வழி 4: ஒரே பேமென்ட்

முழுப் பணமும் கையில் இருக்கிறது, 10, 15 நாளில் நேரடியாகக் கிரயம். விலை குறைத்துக் கேட்பதற்கு இதைப்போல் பலமான வழி வேறில்லை. ஒப்பந்தப் பதிவுச் செலவும் மிச்சம், நடுவில் ஒருவர் நுழைவதற்கு நேரமும் இல்லை.

நேரம் இல்லாததே இதன் ஆபத்தும். வக்கீல் கருத்து வாங்க ஒரு வாரம் வேண்டும், நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை வருகிறதா பார்க்க வழக்கமாக 15 நாள் விடுவார்கள். இதையெல்லாம் சுருக்கிவிட்டு மொத்தப் பணத்தையும் கொடுத்தால், பிறகு வருகிற எந்தச் சிக்கலும் உங்கள் முழுத் தொகையின் மேல்தான் விழும். கடன் எடுப்பவருக்கு வங்கியின் வக்கீலும் ஒரு முறை காகிதம் பார்ப்பார். கடன் இல்லாமல் வாங்குபவருக்கு அந்த இரண்டாவது கண் இல்லை. அதனால் ஒரே பேமென்ட் என்று சொல்லிவிட்டு, "என் வக்கீல் பார்த்து முடித்த 10-ஆவது நாள்" என்று கெடுவை வையுங்கள், இந்தத் தேதிக்குள் என்று வைக்காதீர்கள். நியாயமான விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுத்தால் ஏன் என்று யோசியுங்கள்.

இன்னொரு இடத்தை விற்று அந்தப் பணத்தில் வாங்குபவர்கள், பணி ஓய்வுப் பணத்தைப் போடுகிறவர்கள், ஒரு தலைமுறையாக ஒரே கையில் இருக்கிற சுத்தமான நிலம், இதற்கெல்லாம் இது நல்ல வழி. நாலு பங்காளி, இரண்டு சகோதரி, ஒருவர் துபாயில் என்றால் வேண்டாம்.

## வழி 5: வங்கி ஏலம்

திண்ணைப் போட்டியே வேண்டாம் என்று சிலர் வங்கி ஏலத்துக்குப் போகிறார்கள். கடன் கட்டாததால் வங்கி எடுத்த சொத்தை இணையத்தில் ஏலம் விடுவார்கள். அடிப்படை விலையில் 10 சதவீதம் முன்வைப்புத் தொகை கட்டினால் கலந்துகொள்ளலாம். யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது திரையில் தெரியும், தரகர் கதை இல்லை, கணக்கில் வராத பணம் என்ற பேச்சே இல்லை.

ஆனால் விதிகள் கடுமை. அடிப்படை விலை 50 லட்சம், நீங்கள் 58-க்கு எடுத்தீர்கள் என்று வையுங்கள். அன்றைக்கோ மறு வேலை நாளிலோ மொத்தம் 14 லட்சத்து 50 ஆயிரம் போயிருக்க வேண்டும், அதாவது 25 சதவீதம், முன்பு கட்டிய 5 லட்சம் உட்பட. மீதி 43 லட்சத்து 50 ஆயிரத்தை விற்பனை உறுதியான 15 நாளில் கட்ட வேண்டும், வங்கி எழுத்தில் ஒத்துக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதம். தவறினால் கட்டியது போய்விடும். 25 சதவீதத்தையும் வங்கி முழுதாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளித்தது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். கடன் அனுமதி கையில் இல்லாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

"உள்ளது உள்ளபடி" என்று அறிவிப்பில் எழுதியிருப்பதை நிறுத்திப் படியுங்கள். வரி பாக்கி, மின்சார பாக்கி, எல்லைத் தகராறு எல்லாம் உங்கள் தலையில் வரலாம். வங்கி கையில் இருப்பது காகிதத்தில் மட்டுமா, சாவியும் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே ஆள் குடியிருந்தால் வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகும். கடன் வாங்கியவர் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால், உங்கள் பணம் வங்கியில் இருக்கும், நிலம் யாரிடமும் இருக்காது. பொறுமையும் உபரிப் பணமும் உள்ளவர்களுக்கு, உடனே வீடு கட்டும் அவசரம் இல்லாதவர்களுக்கு இது லாபமான வழி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | காகிதம் முடியும் முன் போகும் பணம் | விற்பவர் மாறினால் கையில் இருப்பது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| டோக்கன் | சிறு தொகை | ஒரு தாள், அதுவும் சரியாக எழுதியிருந்தால் | திரும்ப வாங்க அலைச்சல் |
| பதிவு ஒப்பந்தம் | 10 முதல் 20 சதவீதம் | வில்லங்கத்தில் பெயர், வழக்குப் போடும் உரிமை | ஒப்பந்தப் பதிவு, நோட்டீஸ் செலவு |
| விலை ஏற்றுவது | கொடுக்கிற டோக்கன் அல்லது அட்வான்ஸ் | தனியாக எதுவும் இல்லை | கைப்பணம், ஏறிய தொகைக்கும் பத்திரச் செலவு |
| ஒரே பேமென்ட் | முழுத் தொகை, ஒரே நாளில் | பத்திரமே கையில் | அவசரத்தில் விட்டுப்போகும் பங்குதாரர் |
| வங்கி ஏலம் | 10, பிறகு 25 சதவீதம் | விற்பவர் மாறுவதில்லை, வழக்கு வரலாம் | பாக்கிகள், காலி செய்வது, காத்திருப்பு |

அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் புது மனை வாங்குபவர்களுக்குப் போட்டி வேறு விதம், மூலை மனையை யார் முதலில் பணம் கட்டி எடுக்கிறார்கள் என்பதுதான். அங்கே ரெரா (மனை, வீட்டு விற்பனையை முறைப்படுத்தும் ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவான ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. "இன்னிக்கு 30 சதவீதம் கட்டுனா ஆஃபர்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

## விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள். என் 50 ஆயிரம் மாட்டிக்கொண்ட அந்த இடத்தை எடுத்தவர் ஒரே பேமென்டில் 9 நாளில் பத்திரம் முடித்தார். போன பொங்கலுக்கு அந்த வழியாகப் போனபோது கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருந்தது, வீடு வேலை ஆரம்பிக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் கேட்டேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடாத இளைய மகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார், கட்டுமானத்துக்குத் தடை. அந்த ஞாயிற்றுக்கிழமை, திண்ணையில் நான் கோடு போட்ட தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பெண்தான். அவர் யார் என்று அன்றைக்கு நான்கூடக் கேட்கவில்லை.